கரும்பலகைக்கு மேலே ஒரு பல்லி

ஆங்கில வகுப்பின் கரும்பலகைக்கு மேலே வசிக்கும் பல்லி நான். வாக்கியத்தில் முதலில் ஆள், அடுத்து செயல், பிறகுதான் மற்றவை என்பது எனக்கு மனப்பாடம்.

ஒரு நாள் ஜன்னலில் என் தங்கை கணவன் பூச்சிக்காகக் காத்திருந்தான். அவனுக்குப் பின்னால் பூனை பதுங்கி வந்தது. வெறுமனே கத்துவது படித்த பல்லிக்கு அழகா? ஆங்கில வாக்கியத்தில் முதலில் வரவேண்டியது பூனையா, மாப்பிள்ளையா? நான் யோசித்து முடிப்பதற்குள் பூனை பாய்ந்துவிட்டது.

மாப்பிள்ளை வாலை விட்டுவிட்டு உயிரோடு ஓடி வந்தான்.

"பாத்துக்கிட்டேதானே இருந்தீங்க மச்சான்? ஒரு 'ச்ச்' போட்டிருக்கலாமே!"

"வாக்கியம் அமையல மாப்பிள்ளை."

"இப்ப அமைஞ்சிருச்சா?"

"பிரமாதமா!" என்று சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

'ச்ச்' என்றுதான் வந்தது.