பஹ்மியின் முறைப்பாடு

கடிதத்தை வாசித்து முடித்தபோது அஞ்சலினா டீச்சரின் கண்கள் கலங்கியிருந்தன.

"அழாதீங்க டீச்சர்," என்றார் பாக்கியரத்தினம். மாலை வகுப்புகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர். துறைமுகத்துக்குக் கிட்ட, தேவாலய மண்டபத்தின் முன்னறையில் டீச்சருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "முறைப்பாடு எண்டு வந்தா ஆருக்கும் மனவருத்தம்தான்."

"நான் அதுக்கு அழேல்ல சேர். கொம்பைப் பாருங்க."

"எந்தக் கொம்பை?"

"இதில, 'தொடங்கினால்' எண்டு எழுதியிருக்கிறாரே. கொம்பு முன்னுக்கு, கால் பின்னுக்கு. ஒரு எழுத்துக்கூட இடம் மாறேல்ல!"

பாக்கியரத்தினத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

உள்ளே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள், கற்றல் குறைபாட்டோடு பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். அவர்களில் பஹ்மிக்கு நாற்பது வயது. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து, பகலில் கரையோரக் கொட்டகையான மீன் வாடியில் ஐஸ் உடைத்துவிட்டு வகுப்புக்கு வருவார். எழுத்துக்கள் அவர் கண்ணில் இடம் மாறி விழுகின்றன என்று சின்ன வயதில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மொக்கன் என்று சொல்லிக் கடைசி வாங்குப் பலகையில் இருத்திவிட்டார்கள்.

இரண்டு வருடங்களாக டீச்சர் அவரோடு மல்லுக்கட்டினார். மணலில் விரலால் எழுதவைத்தார். கொம்புக்குச் சிவப்பு, காலுக்கு நீலம் என்று நிறம் பிரித்துக் கொடுத்தார். பஹ்மி சொற்களை எழுதினார், சின்ன வசனங்களை எழுதினார். ஒரு முழுக் கடிதத்தை மட்டும் எழுதியதில்லை.

இப்போது எழுதியிருந்தார்.

'மதிப்புக்குரிய ஐயா, எங்கட டீச்சர் நல்லவ. ஆனால் எங்களைச் சின்னப் பிள்ளைகளைப் போல நடத்துறா. நான் ஒரு வசனம் தொடங்கினால் அவ முடிக்கிறா. சரியாக எழுதினால் என் கையில் நட்சத்திரம் ஒட்டுறா. வாடியில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அவவிடம் நேரே சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் சொல்லுங்கள்.'

நட்சத்திரம் பற்றி வாசித்தபோது டீச்சருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. தங்க நிற நட்சத்திரங்களைத் தேடித்தேடி வாங்கியவர் அவர். ஆனாலும் அந்தக் காகிதத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

"இங்க பாருங்க டீச்சர்," என்று பாக்கியரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "கையெழுத்தோட முறைப்பாடு வந்தா ஆளை மாத்திறதுதான் வழமை. எனக்கு அதில விருப்பமில்லை. இந்த ஆக்களுக்கு இப்பிடி எழுத வராது. ஆரோ எழுதிக் குடுத்திருக்கு. அதை மட்டும் சொல்லுங்க, இப்பவே கிழிச்சுப் போடுறன்."

"கிழிச்சா வகுப்பு என்னாகும்?"

அவர் பெருமூச்சு விட்டார். "மேல கேக்கினம், ரெண்டு வருசமா நடக்குதே, ஒராளாவது ஒரு கடிதம் எழுதுமா எண்டு. இல்லையெண்டா இந்த மாதத்தோட மூடச் சொல்லி உத்தரவு. அதுக்கு நான் என்ன செய்ய?"

டீச்சர் கடிதத்தை மறுபடி பார்த்தார். பஹ்மிக்கு எழுதத் தெரியாது என்றால் டீச்சருடைய பெயர் தப்பும், வகுப்பு போய்விடும். தெரியும் என்றால் வகுப்பு தப்பும், அவர் போகவேண்டும்.

"அவர்தான் எழுதினவர், சேர்," என்றார். "நான்தான் படிப்பிச்சனான்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்லுறன்."

"அப்ப ஆளைக் கூப்பிடுங்க. எனக்கு முன்னால எழுதட்டும். ஆனா நீங்கள் ஒரு வார்த்தை கதைக்கக்கூடாது. சொல்லிக் குடுத்தது எண்டு நாளைக்குக் கதை வரும்."

பஹ்மி வந்தார். வகுப்பை மூடும் உத்தரவு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மேசையில் கிடந்த கடிதத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு டீச்சரின் ஈரக் கண்களைக் கண்டார். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"இது நீங்கள் எழுதினதா?" என்று கேட்டார் பாக்கியரத்தினம்.

"ஏன் சேர்?"

"நீங்கள் எழுதினதெண்டா டீச்சர் நாளையில இருந்து இங்க வரமாட்டா. வேற ஆளைத்தான் போடவேணும்."

"நான் அவவை அனுப்பச் சொல்லி..." என்று தொடங்கிய பஹ்மி சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"என்ன?"

"ஒண்டுமில்ல சேர்."

பாக்கியரத்தினம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் அவர் பக்கம் நகர்த்தினார். "அதில இருக்கிற ஒரு வசனத்தை இப்ப எழுதிக் காட்டுங்க. ஒண்டு போதும்."

டீச்சர் மேசைப் பக்கம் குனிந்தார். "பஹ்மி, பயப்படாம எழுதுங்க, எழுதினாத்தான் வகு..."

"டீச்சர்!" பாக்கியரத்தினம் கையை உயர்த்தினார். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பஹ்மி கதிரையில் உட்கார்ந்து பேனையை எடுத்தார். ஐஸில் வெடித்துப்போன அந்த விரல்கள் அதை நடுங்காமல் பிடித்தன. பேனை முனை தாளைத் தொட்டது. டீச்சர் முதல் எழுத்துக்காகக் காத்திருந்தார்.

பஹ்மி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள் என்பதுபோல மெல்லத் தலையசைத்தார். பிறகு பேனையைத் தாளின் மேல் வைத்துவிட்டு, அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு எழுத ஏலாது, சேர்."