நாற்பது மூடிகள்

மேஜை மேல் நாற்பது கண்ணாடித் தட்டுகள் மூடியில்லாமல் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஈரத்தாள் மேல் முளைவிட்ட விதைகள். சிலவற்றின் வேர் விரல் நீளம், சிலவற்றில் எறும்பளவுகூட இல்லை. மாலை வெயிலில் அந்த வேர்கள் வெள்ளி நூலாக மின்னுகின்றன. வெவ்வேறு அளவில் உப்பு கலந்த நீர் ஊற்றி அவற்றை வளர்த்த பெண், எந்தத் தட்டில் எவ்வளவு உப்பு என்பதை மூடிகளில்தான் எழுதியிருந்தாள். படம் எடுக்கும்போது மூடி பளபளத்துக் கெடுக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றி அடுக்கிவிட்டாள். அடுக்கி முடித்த பிறகுதான், எந்த மூடி எந்தத் தட்டுடையது என்று இனித் தெரியாது என்பது உறைத்தது. அவள் இரண்டாம் ஆண்டு மாணவி. கல்லூரிப் பிள்ளைகளும் ஆராய்ச்சி செய்யட்டும் என்று முதன்முறையாக வந்த நிதியில் தேர்வான ஒரே ஆள். நாளைக் காலை அறிக்கை போயாக வேண்டும்.

அவளுக்கு வழிகாட்டும் ஆய்வு மாணவி, அவள் அக்கா என்று கூப்பிடுகிறவள், நடந்ததைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு வருகிறாள். "நீள வேரெல்லாம் உப்பு கம்மின்னு மூடு. குட்டை வேருக்கு உப்பு ஜாஸ்தி. எப்படியும் அப்படித்தானே வரும்? இது சொதப்பினா அடுத்த வருஷம் எந்தப் பிள்ளைக்கும் பணம் வராது." சின்னவள் ஒரு மூடியைக் கையில் எடுக்கிறாள். "அப்போ விதைகிட்ட எதுக்குக்கா கேட்டோம்?" என்கிறாள். அவள் மூடியை வைத்துவிட்டு, அறிக்கையில் 'முடிவு' என்ற கட்டத்தில் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறாள். கடைசியாக, 'தெரியவில்லை' என்று முடிக்கிறாள். அதன் கீழே வழிகாட்டியின் கையெழுத்துக்கு ஒரு கோடு காத்திருக்கிறது. அக்கா அந்த ஒற்றைச் சொல்லையே வெகுநேரம் பார்க்கிறாள். பிறகு பேனாவை வாங்கி, வழக்கமாகக் கிறுக்கும் இரண்டெழுத்தை விட்டுவிட்டு, தன் முழுப் பெயரையும் நிறுத்தி எழுதுகிறாள்.