கூட வந்தவர்

"பேஷன்ட் வரலையா?" என்றார் டாக்டர், ஸ்கேன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அண்ணனுக்கு ஒரே வாந்தி சார். என்னான்னு எங்கிட்ட சொல்லுங்க," என்றார் ஷாகுல்.

"கேன்சர் கட்டி குடலை அடைச்சிருக்கு பாய். உடம்பு தாங்கினா ஆபரேஷன். இல்லன்னா ஸ்டென்ட் வெச்சு வழி திறக்கலாம். அதுவும் முடியலன்னா மூக்கு வழியா ட்யூப் போட்டு, வலி தெரியாம பார்த்துக்கலாம்."

"அடைப்பு போயிட்டா பொழைச்சுடுவாரா?"

"அடைப்பைத்தான் சரி பண்ணலாம். நோயை இல்ல."

ஷாகுல் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். டாக்டர் குரலைத் தணித்தார்.

"அவருக்கு நீங்கதான் தெம்பு. அவர்கிட்ட எதையும் சொல்லாதீங்க, உடைஞ்சிடுவார். வீடு எங்க?"

"பெருங்களத்தூர்."

"பக்கம்தானே. இன்னிக்கே கூட்டிட்டு வந்து சேர்த்துடுங்க."

ஷாகுல் படியிறங்கி, அட்மிஷன் கவுண்டரில் துணிப்பையை வைத்தார்.

"பேஷன்ட் எங்க?" என்றாள் அங்கிருந்த பெண்.

"நான்தாம்மா."

இதுவரை பார்த்த டாக்டர்கள் எல்லாரும் அவரிடம் ஒன்றைத்தான் சொல்லியிருந்தார்கள்: 'பயப்பட ஒண்ணுமில்ல பாய், வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க.' வீட்டில் யாருமில்லை.

"கூட யாரும் வரலையா?"

"வந்தாரும்மா. அவர்கிட்ட டாக்டர் எல்லாத்தையும் சொல்லிட்டார். பேஷன்ட்டுக்குத்தான் தெரிய வேணாம்னார்."