வாசல்வரை

"நாலு காலால நடக்கிறதுக்கு ஆடு மாடு இருக்கு, மகளே. எங்க வம்சத்துல ரெண்டு காலோட வந்தவங்க ரெண்டு காலோடயேதான் போயிருக்காங்க."

அபூ நவ்வாஃப் இதை மல்லாந்து படுத்தபடி சொன்னார். உடைந்த இடுப்பெலும்புக்குக் கம்பி வைத்து நாலு நாள் ஆகியிருந்தது. கட்டிலருகே, பிடித்துக்கொண்டு நடக்கும் நாலுகால் வாக்கர் நின்றது. கரக் வட்டாரத்தில் பதினேழு குடும்பப் பகைகளைப் பேசித் தீர்த்தவர், அந்த அலுமினியச் சாமானோடு மட்டும் சமாதானத்துக்கு வர மறுத்தார்.

நர்ஸ் இப்திஸாம் கெஞ்சினாள், மிரட்டினாள். கடைசியில் உள்ளதைச் சொன்னாள். நெஞ்சில் சளி கட்டத் தொடங்கிவிட்டது. இன்னும் இரண்டு நாள் படுத்தே கிடந்தால் எலும்பு சேரும், ஆள் மிஞ்ச மாட்டார்.

"அல்லாஹ் எழுதினதுதான் நடக்கும்."

"அது நடக்கும், ஹாஜி. நீங்கதான் நடக்க மாட்டேங்கிறீங்க."

மூன்று மகன்களும் வந்து, அழுதுவிட்டுப் போனார்கள். வெளியாட்கள் யாருக்கும் சொல்லக்கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. தான் விழுந்து கிடப்பதை ஊர் பார்க்கக் கூடாதாம்.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம், நீண்ட அங்கியும் சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியுமாக ஒரு பெரியவர் வந்தார். இப்திஸாம் மரியாதையாக அவர் முழங்கையைத் தாங்கி அழைத்துவந்து நாற்காலியில் அமர்த்தினாள். தஃபீலா என்ற ஊர்க்காரர், பெயர் அபூ மிஸ்லிஹ். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன், விசாரிக்காமல் இருக்க மனம் வரவில்லை என்றார்.

யார் சொன்னது என்று விருந்தாளியிடம் கேட்பது அழகில்லை. அபூ நவ்வாஃப் காப்பி ஊற்றச் சொன்னார். பொய்த்த மழையைப் பேசினார்கள். ஆட்டின் விலையைப் பேசினார்கள். மூன்றாவது கிண்ணத்தை ஆட்டிக் காட்டி, போதும் என்று வைத்துவிட்டு வந்தவர் எழுந்தார்.

அபூ நவ்வாஃப் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். அறுபது வருடத்தில் ஒரு விருந்தாளிகூட அவர் கூட நடந்து வழியனுப்பாமல் வாசலைத் தாண்டியதில்லை. படுத்திருங்கள், நோயாளிக்கு விதிவிலக்கு உண்டு என்றார் வந்தவர். அதுதான் சுருக்கென்று தைத்தது.

கதவைப் பார்த்தார். பன்னிரண்டு அடி இருக்கும்.

"மகளே," என்றார் மெல்ல, "அதை இப்படித் தள்ளு."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, வாக்கரைப் பிடித்து நடந்தார். இப்திஸாம் அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். விருந்தாளி சுவரில் கை வைத்து, அடிக்கொரு தரம் நின்று நின்று நடந்தார். தனக்காகத்தான் மெதுவாகப் போகிறார், பெரிய மனிதர், என்று அபூ நவ்வாஃபுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

வாசலில் மூச்சு வாங்க நின்றார். "மன்னிக்கணும். உங்களை இப்படி வழியனுப்புற மாதிரி ஆகிப்போச்சு."

அபூ மிஸ்லிஹ் கதவுக்கு வெளியே கை நீட்டி, சுவரோரம் மறைத்து வைத்திருந்த தன்னுடைய வாக்கரை இழுத்துக்கொண்டார்.

"எதிர் ரூம்தான்," என்றார். "இதைத் தொடவே மாட்டேன்னு ஒரு வாரம் கிடந்தேன். இங்க ஒருத்தர் விசாரிக்க ஆளில்லாம படுத்திருக்கார்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு. உங்களைப் பார்க்க வரணுமேன்னுதான் ரெண்டு நாளா நடந்து பழகினேன்."

இப்திஸாம் தரையைப் பார்த்தாள். அபூ நவ்வாஃப் வாக்கரை முன்னால் நகர்த்தி வைத்து, விருந்தாளியை அவருடைய அறை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.