தொரசானியின் காலுறை மிஷின்

"மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை இப்படித் தள்ளு புள்ள. வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்காதே" என்றான் ஐயாவு.

இருளாயி கிண்ணத்தைத் தள்ளினாள், மனமே இல்லாமல்.

மலாயாவில், சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், வெள்ளைக்காரத் தொரை பங்களாவின் பின்வராந்தா. மேசை விளிம்பில் திருகி நிறுத்தியிருந்தது தொரசானியின் காலுறை பின்னும் மிஷின். கைப்பிடியைச் சுற்றினால், உருளையைச் சுற்றி நிற்கும் அத்தனை ஊசிகளும் ஏறி இறங்கும். அடியில் காலுறை வளரும். இரண்டு மாதமாக அது சரியாக வளரவில்லை. துடைத்து வைத்தால் நாலு நாள் ஓடும். சனிக்கிழமை ஆனால் மறுபடி இறுகிக்கொள்ளும். ஈப்போவிலிருந்து வந்த சைக்கிள் கடைக்காரரே கைவிட்ட பிறகு, "நான் பாக்கறேன்" என்று தானாக வந்து நின்றான், பங்களா வேலைக்காரி இருளாயியின் புருஷன் ஐயாவு. பால்வெட்டுக்காரன்.

"இது மட்டும் ஓடட்டும். தொரை என்னை ஸ்டோரு இஞ்சின் வேலைக்கு மாத்திருவாரு. மழையிலயும் அட்டைக்கடியிலயும் மரம் வெட்டுற பொழப்பு இன்னியோட சரி."

"ஆமா, உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்காரு. வெட்டுற மரத்துப் பட்டையையே புண்ணாக்குறீங்கன்னு கங்காணி கத்துறாரு. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"பொறாமை உனக்கு."

"இப்படி ஒண்ணு நம்ம கையில இருந்தா, ஈப்போல ஒரு ரூம்பு பிடிச்சு, ஆபீசு கிராணிமாருக்கும் போலீசுக்கும் காலுறை பின்னிப் பொழைச்சுக்கலாம். காலுறைக்குக் குதிகால் திருப்புறதுகூட தொரசானி எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"தொரசானி மிஷினு நமக்கு ஏது? நடக்கிறதைப் பேசு."

ஐயாவு ஒவ்வொரு ஊசியாக உருவி மண்ணெண்ணெயில் போட்டான். ஊசிகள் ஓடும் காடிப் பள்ளங்களில் மஞ்சள் பிசின் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தான்.

"அட, தேங்காய் எண்ணெய்! இது காஞ்சா பிசினாத்தானே ஆகும்? எந்த மடப்பய ஊத்தினான்?"

இருளாயி, எண்ணெய் மின்னும் கொண்டையை இறுக்கி முடிந்தாள். "தேச்ச வரைக்கும் போதும். எழுந்திரிங்க."

அவன் எழவில்லை. கோழி இறகால் காடி காடியாகப் பஞ்சு நீக்கினான். மடங்கிய ஊசி நாக்குகளை நிமிர்த்தினான். தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கைப்பிடியைச் சுற்றினான். மிஷின் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பாத்தியா புள்ள?"

சத்தம் கேட்டு வந்த தொரசானியும் ஒரு சுற்றுச் சுற்றினாள். "பாகூஸ் ஐயாவு, பாகூஸ்!" என்று மலாயில் மெச்சி, ஒரு காலி பிஸ்கட் டின்னை அவன் கையில் கொடுத்தாள்.

ஐயாவு தலையைச் சொறிந்தான். "அந்த இஞ்சின் வேலை..."

"தொரையும் நானும் அடுத்த மாசம் சீமைக்குப் போறோம். புதுத் தொரையைக் கேளு" என்றாள் அவள், தோட்டத்துத் தமிழில். "இனி மிஷினும் என்கூட வரும். முதல் தடவை நின்னப்பவே இருளாயிகிட்ட சொன்னேன், ஓடலைன்னா கப்பல்ல ஏத்த மாட்டேன், நீயே வெச்சுக்கோன்னு."

அவள் உள்ளே போனாள். ஐயாவு டின்னும் கையுமாக மனைவி பக்கம் திரும்பினான்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா புள்ள?"

"உங்க வாயில என்னைக்கு எது நின்னிருக்கு?"

"அது கெடக்கு. அந்த எண்ணெயை ஊத்தின மடப்பய..."

"பய இல்ல, நாந்தான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, தலைக்கு வெச்சது போக மிச்சம்." இருளாயி விரல்களை மடக்கி எண்ணினாள். "மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. கப்பலுக்கு இன்னும் நாலு வெள்ளிக்கிழமை இருக்கு."