கப்சபெட்டின் டாக்டரம்மா

கப்சபெட் சந்தைக்கு எதிரே, கணினிக் கடையின் தகரக் கூரையில் மழை சடசடக்கிறது. வெளியே, ஊருக்கு ஆளேற்றும் மட்டாட்டு வேன் கிளம்பத் துடித்து ஹாரனை விடாமல் அடிக்கிறது. கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்க்க அரசு திறந்துவிட்டிருக்கும் பக்கம் திரையில் நீலமாக ஒளிர்கிறது. அதன் முன்னால் ஜெலிமோ அப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள். முறைக்குக் காத்திருப்பவர்கள் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார்கள்; அவர்களின் ஈரக் கோட்டு வாடை கழுத்தில் படுகிறது. தேயிலைக் கறை படிந்த விரலை அப்பா திரையில் வரிவரியாக நகர்த்துகிறார். பள்ளியில் சேர்ந்த நாளிலேயே அவளை டாக்டரம்மா என்று ஊரைக் கூப்பிட வைத்தவர் அவர். மருத்துவத்துக்கு எந்தக் கல்லூரியின் கட்-ஆஃபையும் அவள் மதிப்பெண் எட்டவில்லை. "எழுத்தச் சின்னதாக்கும்மா," என்கிறார், பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு. அவள் சின்னதாக்குகிறாள். எண்கள் எறும்பாகிவிடுகின்றன, ஆனால் ஒன்றுகூடக் குறையவில்லை. அவள் மெல்லக் கீழே இறங்கி, பால்வளப் படிப்பில் நிற்கிறாள். "இது கெடைக்கும்ப்பா. எனக்கும் இதுதான் புடிச்சிருக்கு." அவர் ஈரத் தொப்பியைப் பிழிகிறார், பிழிந்துகொண்டே இருக்கிறார். கதவிடுக்கில் நடத்துநரின் தலை நீள்கிறது. "டாக்டரம்மா! ஊசி போட்டது போதும், வண்டி கெளம்புது!" கடை முழுக்கச் சிரிக்கிறது. அப்பா எழுந்து தொப்பியை மாட்டுகிறார்.

"அவ பேரு ஜெலிமோ," என்கிறார். "பேரச் சொல்லிக் கூப்புடு."