தானாக நிற்கும் வண்டி

“தானா நிக்குதுய்யா! நல்லா ஓடிட்டே இருக்கும், பொசுக்குன்னு நின்னுடும். நேத்து ரெண்டு தடவை இறங்கித் தள்ளினேன். என் வயசுக்கு இதெல்லாம் தேவையா?”

பட்டறை வாசலில் நின்றபடி கார் பானெட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார் அந்தப் பெரிய மனிதர். அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான் மெக்கானிக். “வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு சார்?” என்று கேட்டான்.

“என்னையா கேக்கறே? இந்தத் தகர டப்பாவை நான் வாங்குவேனா? அவனைக் கேளு.”

அவருக்குப் பின்னால் ஒருவன் நின்றிருந்தான். ஒரு தோளில் தன் பை, இன்னொரு தோளில் அவருடைய பை. வண்டி அவனுடையது, அவர் மேனேஜர், அவன் அவரிடம் குமாஸ்தா. மேனேஜர் வீடு போகிற வழியில் இருந்து தொலைத்ததால், எட்டு மாதமாகக் காலையும் மாலையும் அவருக்கு ஓசிச் சவாரி.

மேனேஜர் போன் பேச ஒதுங்கியதும் மெக்கானிக் பேச்சுக் கொடுத்தான். “வீட்ல யாரும் இந்த வண்டியில வர்றதில்லையா?”

“முன்னாடி என் வீட்டுக்காரி வருவாண்ணே. அவளை அவ ஆபீஸ்ல இறக்கிட்டு நான் போவேன். சாருக்கு வண்டியில கூட்டம் இருந்தாப் பிடிக்காது. அதனால இப்ப அவ பஸ்ல போறா.”

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் மேல் இல்லை, இவன் மேல். கட்டினவளை பஸ்ஸில் தொங்கவிட்டுவிட்டு மேலதிகாரிக்குக் கதவு திறந்துவிடுகிறான்! குனியக் குனியக் குட்டுகிறவன் மடையன் என்றால், குட்டக் குட்டக் குனிகிற இவன் அவனுக்கும் அண்ணன்.

பிளக்கைக் கழற்றினான், பேட்டரியைப் பார்த்தான், பில்டரை ஊதினான். கம்ப்யூட்டரைச் செருகினால் அது ஒரு குறையும் சொல்லவில்லை. தனியாக ஓட்டிப் பார்த்தான். வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

“எப்பவும் போல நீங்க ரெண்டு பேரும் உக்காந்து ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன்” என்றான்.

குமாஸ்தா ஓட்டினான். முன் சீட்டில் சாய்ந்த மேனேஜர் ஆரம்பித்துவிட்டார். “கியர் போடற லட்சணத்தைப் பாரு! ஆபீஸ்ல பைலையும் இப்படித்தான்யா உருட்டுவான். என்னத்தைக் கண்டு அந்தப் பொண்ணு இவனுக்குக் கழுத்தை நீட்டினாளோ, பாவம்!”

குமாஸ்தா குனிந்து முழங்காலைச் சொறிந்துகொண்டான். இந்தப் பேச்சுக்கு முழங்காலைச் சொறிகிறானே, இவனெல்லாம் ஒரு ஆம்பளையா என்று நினைத்தான் மெக்கானிக்.

தெருமுனை திரும்பியதும் கார் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அலறவிட்டார்கள்.

“நின்னுடுச்சு சார். கொஞ்சம் இறங்கித் தள்றீங்களா?” என்றான் குமாஸ்தா பணிவாக.

மெக்கானிக்கும் மேனேஜரும் பட்டறை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேனேஜருக்குச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. “என்னய்யா கோளாறு? சொல்லித் தொலை!” என்று இரைந்தார்.

மெக்கானிக்குக்குச் சத்தியமாக ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தெரியவில்லை என்று வாயைத் திறந்தால் தொழிலில் இத்தனை நாள் எடுத்த பெயர் என்னாவது? வாய்க்கு வந்ததை அடுக்கினான்.

“பெட்ரோல் பம்ப் போச்சு. வயரிங் மொத்தமும் மாத்தணும். வண்டியை வித்தா என்ன கிடைக்குமோ, அதுல முக்கால்வாசி இதுக்கே ஆயிடும்.”

“பரவாயில்லைண்ணே, கடன் வாங்கியாவது செஞ்சுடறேன். சார் கஷ்டப்படக் கூடாது” என்றான் குமாஸ்தா.

மெக்கானிக்கால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பினான். “ஏன் சார், தினமும் ரெண்டு வேளை நீங்கதானே சவாரி வர்றீங்க? செலவை ஆளுக்குப் பாதியாப் போட்டுக்கங்களேன்!”

மேனேஜரின் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் கோணியது. “நானா? நான் எதுக்குய்யா போடணும்? போனாப் போகுதுன்னு இந்த டப்பாவுல ஏறினேன் பாரு, என்னைச் சொல்லணும்! நாளையிலேர்ந்து ஆபீஸ் வேன்ல போய்க்கறேன். இனிமே இவன் கால்ல விழுந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன்!”

குமாஸ்தாவின் தோளிலிருந்து தன் பையைப் பிடுங்கிக்கொண்டு, போகிற டாக்ஸியைக் கைதட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

“சனியன் விட்டுது. வண்டியையும் எடைக்குப் போட்டுடுங்க. இனிமேலாவது மனுஷனா இருங்க” என்றான் மெக்கானிக்.

குமாஸ்தா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. போனை எடுத்து மனைவியிடம் பேசினான். “பஸ்ல ஏறிடாதே. உன் ஆபீஸ் வாசல்லயே நில்லு, கூட்டிட்டுப் போக வர்றேன்.”

“எதுல போவீங்க? இதுலயா?” மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். “பாதி வழியில தானா நின்னு மானத்தை வாங்குமே சார்!”

குமாஸ்தா முன் சீட்டைத் தட்டித் துடைத்துவிட்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தான். அதன் அடியில் கையை விட்டு எதையோ ‘டிக்’ என்று தட்டினான். சாவியைத் திருப்பியதும் வண்டி சமர்த்தாகக் கிளம்பியது.

“நான் நிறுத்தினாத்தான்ணே நிக்கும்.”